இலையும் சாறும்

வர்க்கலைச் சிவகிரியில் 1925 மார்ச்சுத் திங்களில் காந்தியடிகளும் நாராயண குருவும் கண்டு உரையாடினர். வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கி ஓராண்டு நிறைவெய்துங் காலம் அது. அச்சந்திப்போடு சார்த்தி வழங்கும் உவமையொன்று ஈண்டு ஆராயற்பாலது. மரத்தின் இலைகள் வேறுபடுதல்போல மாந்தரும் வேறுபடுவர் என அடிகள் காட்ட, அவ்விலைகளின் சாறு ஒன்றே எனக் குரு விடையிறுத்தார் என்பர்.

இதனை ஏகான்மவாதத்திற்குச் சான்றாகக் கொள்வாரும் உளர். குரு அத்துவித நெறியினரே. ஆயினும் வினவப்பட்டது சாதியேயாகலின், விடையும் அதன்மேற்றே. சாறு ஒத்தலால் இலைகள் பல அல்லவாகா. உயிர்கள் பல, உயிராந்தன்மையில் ஒப்பன என்னும் சித்தாந்தத் துணிபிற்கு இவ்வுவமை மாறன்று.

அற்றேல், உடம்பு வினைவழி வருதலின் பிறப்பு வேற்றுமையும் வினைப்பயனேயன்றோ எனின், ஆகுக. அவ்வுடம்பு உயிர் மலம் நீங்கி உய்தற்பொருட்டு இறைவன் அளித்த கருவி. அக்கருவியையே காரணங்காட்டி உயிரை அவன் திருமுன்னர்ச் செல்லாது தடுத்தல், அளித்தோன் கருத்தை அழித்தலாம். வினைக்கொள்கை தீண்டாமைக்கு அரணாகாமை இதனாற் பெறப்படும்.

அருவிப்புறத்தில் 1888-இல் சிவலிங்கம் நிறுவியவரும், ஒழிவிலொடுக்கத்தை மலையாளத்தில் பெயர்த்தவரும் இக்குருவே. திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் 1936-இல் திறக்கப்பட்டன, அதனைக் காண அவர் இலர், 1928-இலேயே மறைந்தார். திருநாளைப்போவாரைத் திருக்கோயிலுள் நாயனாராக வணங்குவார், அவர் குலத்தாரை வாயிலில் நிறுத்தியது எந்நூல் விதியால்? இவ்வினாவிற்கு விடையிறுக்கும் கடன் சைவர்க்கே முதற்கண் உரியது.