உப்பும் பணமும்: ‘அலாஸ், பாபிலோன்’ புதினத்தின் பொருளியல் நடப்பியல்

சமுதாயம் சீர்குலைந்தபின் எஞ்சியோர் உயிர்பிழைக்கும் கதையைக் கூறும் புதினங்களில் துப்பாக்கிக்குக் கிடைக்கும் இடம் உப்புக்குக் கிடைப்பது அரிது. அமெரிக்க எழுத்தாளர் பேட் ஃபிராங்க் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அலாஸ், பாபிலோன்’ இதற்கு விதிவிலக்காகும். அணுப்போருக்குப்பின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஃபோர்ட் ரிப்போஸ் என்னும் கற்பனைச் சிற்றூர் எவ்வாறு உயிர்வாழ்ந்தது என்பதே அதன் கதை. அதன் பொருளியல் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை இங்கு நோக்குவோம்.

புதினத்தில் பெரிதும் நினைவில் நிற்பது வங்கித் தலைவர் எட்கர் குவிசென்பெரியின் முடிவு. டாலருக்கு இனி மதிப்பில்லை என உணர்ந்த அவர் தற்கொலை செய்துகொள்கிறார். காட்சி வலிமையானதே. எனினும், பணம் இத்துணை விரைவில் இறக்குமா என்னும் ஐயம் நமக்கு எழுகிறது. மலாயாவில் ஜப்பானியர் வெளியிட்ட வாழைமரப் படம் பொறித்த நோட்டுகள் ஒரே நாளில் மடியவில்லை. விலைவாசி ஏறஏற அவை கைமாறிக்கொண்டே இருந்தன. 1945இல் ஆட்சி வீழ்ந்தபோதுதான் வெற்றுத்தாளாயின. அந்த இழுபறிக் காலத்தை ஃபிராங்க் தாண்டிச் சென்றுவிடுகிறார்.

உப்பைப் பற்றிய பகுதியோ இதனினும் உண்மையானது. போர் வரப்போவதை முன்னறிந்த கதைத்தலைவன் ரேண்டி பிராக் இறைச்சியை வாங்கிக் குவிக்கிறான். மின்சாரம் நின்றதும் குளிர்பெட்டி பயனற்றுப்போகிறது. பின்னர் ஊரில் உப்புக்குத் தட்டுப்பாடு ஏற்படுகிறது. முன்னோர் ஒருவரின் பழைய நாட்குறிப்பைக் கொண்டே உப்புக் கிடைக்கும் இடம் கண்டறியப்படுகிறது. எதை வாங்கியிருக்க வேண்டும் என்பது இல்லாமை வந்தபின்னரே புலப்படுகிறது. பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை இந்நிகழ்ச்சி எளிதாக உணர்த்திவிடுகிறது. கதிர்வீச்சு ஏறிய நகைகளைச் சேர்த்துவைத்தவர் நோயுற்று இறப்பதும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நெருக்கடிக்குத் தங்கமே காப்பு என்னும் நம்பிக்கையை ஆசிரியர் இங்கு அசைத்துப் பார்க்கிறார்.

எனினும் ஓரிடத்தில் இக்கணக்கு வழுவுகிறது. ரேண்டியின் அண்டைவீட்டாரான ஹென்றி குடும்பத்தார் கறுப்பினத்தவர். கோவேறு கழுதை, பன்றிகள், சோளம், வேளாண் அறிவு ஆகிய அனைத்தும் அவர்களிடமே உள்ளன. மதிப்புகள் தலைகீழாகிவிட்ட உலகில் பேரம்பேசும் வலிமை அவர்களுக்கே மிகுந்திருக்க வேண்டும். ஆனால் தலைமை ரேண்டியிடமே தங்கிவிடுகிறது. பூங்காவில் அயலாரோடு நிகழும் பண்டமாற்றை விரும்பி வருணிக்கும் ஆசிரியர், இவ்விரு குடும்பங்களுக்கிடையிலான கொடுக்கல்வாங்கலை நல்லிணக்கமாகவே காட்டி நகர்ந்துவிடுகிறார். 1959ஆம் ஆண்டின் தென்மாநிலச் சூழலில் கறுப்பினத்தாரை மதிப்புடன் படைத்தது துணிவான செயல் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வழிப்பறிக்காரரைப் பிடிக்கும் முயற்சியில் ஓட்டுநராக முன்சென்று உயிரிழப்பவன் மலக்காய் ஹென்றியே. டாலரின் மதிப்பைத் துணிந்து அழித்த எழுதுகோல், நிலவுடைமையையும் அதிலிருந்து பிறந்த அதிகாரத்தையும் தொடவில்லை.