சித்திரசாலையில் ஐந்தாறு பேர்

மைசூருக்குச் செல்பவர்கள் பெரிய அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பார்த்து முடித்து, பொழுது மிஞ்சினால் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று ஒதுக்கிவைக்கும் இடமாக ஜகன்மோகன் அரண்மனை ஆகிவிட்டது பெரிய நஷ்டம். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1861இல் கட்டுவித்த இம்மாளிகை, 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையான பின், புதிய அரண்மனை 1912இல் பூர்த்தியாகும் வரையில் ராஜகுடும்பத்தின் வாசஸ்தலமாக விளங்கியது. 1915இல் சித்திரசாலையாக மாறி, பிற்காலத்தில் ஜயசாமராஜேந்திர உடையாரின் திருநாமம் பெற்ற இக்கலைக்கூடத்தை ரசிப்பதற்கென்று ஒரு முறை உண்டு.

முதலாவது, கூட்டமாகப் போகாதீர்கள். தன்னந்தனியாகவும் போக வேண்டாம். ஐந்தாறு பேர் சேர்ந்து, விவரமறிந்த ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சித்திரத்துக்கும் அதைப் பார்க்க ஏற்றதொரு தூரம் உண்டு. அந்தத் தூரத்தில் ஐந்தாறு பேர்தான் ஒருசேர நிற்க முடியும். அதற்கு மேற்பட்டால், பின்னால் நிற்பவர் பார்ப்பது முன்னால் நிற்பவரின் பிடரியைத்தான். வழிகாட்டி வாய் திறக்குமுன் இரண்டு நிமிஷமாவது மௌனமாகப் பார்க்க அவகாசம் கேளுங்கள். பெயரையும் கதையையும் முதலில் கேட்டுவிட்டால், கண் அவற்றைச் சரிபார்ப்பதோடு திருப்தியடைந்துவிடும். பிறகு அவரவர் கண்டதை அவரவர் சொல்லட்டும். சங்கீதம் பயின்றவர் வீணை மீதுள்ள விரல்களைக் கண்டிருப்பார்; நெசவு அறிந்தவர் புடவைக் கரையைக் கண்டிருப்பார்; உடன் வந்த குழந்தை, பெரியவர்கள் எவரும் கவனியாத ஒரு முகத்தைச் சுட்டிக்காட்டும். அத்தனை பேரின் கண்களும் ஒருவருக்கே வாய்ப்பதுதான் சிறு குழுவின் பாக்கியம்.

இப்பழக்கத்தை ரவிவர்மாவின் சங்கீத மாதர் சித்திரத்தில் தொடங்கலாம். வெவ்வேறு பிரதேசத்து உடையும் ஆபரணமும் பூண்ட பதினொரு பெண்கள் ஒரு கச்சேரிக்குக் கூடினாற்போல் அமைந்த, 1889ஆம் ஆண்டைச் சேர்ந்த தைலவண்ண ஓவியம் அது. ஒவ்வொருத்தியும் எங்கே நோக்குகிறாள், வெளிச்சம் யார்மீது அதிகம் விழுகிறது என்று ஆளுக்கொருத்தியாகப் பங்கிட்டுக்கொண்டு பாருங்கள். ஹாலந்து தேசத்து ரெம்பிராண்ட், 1642இல் ஆம்ஸ்டர்டாம் நகரக் காவற்படையினரை எழுதியபோது, எல்லோரையும் வரிசையாக நிறுத்தும் சம்பிரதாயத்தைக் கைவிட்டு, சிலரை ஒளியிலும் சிலரை நிழலிலுமாக நடமாட விட்டார். பலரை ஒரே சட்டத்துக்குள் எழுதுவதில் உள்ள சங்கடத்தை இவ்விருவரும் எவ்வாறு தீர்த்தார்கள் என்று யோசிப்பதே ஒரு மணி நேரத்துக்குப் போதும்.

இக்கூடத்தின் புகழ்பெற்ற சித்திரம், விளக்கேந்திய நங்கை. பலர் இதை ரவிவர்மா எழுதியதென்றே நம்பிச் செல்கிறார்கள். எழுதியவர் மகாராஷ்டிரத்து ஸாவ்லாராம் லக்ஷ்மண் ஹல்தன்கர். மாதிரியாக நின்றவள் அவர் மகள் கீதா. இங்கே அவசரம் கூடாது. சுடரை அவள் கையால் மறைத்திருக்கிறாள். ஆகையால் ஒளி முதலில் விரல்களைத் துளைத்துச் செந்நிறம் காட்டி, பின் முகத்தில் படர்ந்து, அங்கிருந்து புடவை மடிப்புகளில் இறங்கி இருளோடு கலக்கிறது. அந்த வரிசையிலேயே உங்கள் பார்வையும் இறங்கட்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து ஹோந்தோர்ஸ்ட் முதலியோர் பதினேழாம் நூற்றாண்டிலேயே மெழுகுவர்த்திச் சுடரை மறைத்து முகங்களைப் பிரகாசிக்கச் செய்தார்கள். அவர்கள் கையாண்டது தைலவண்ணம், பிழை நேர்ந்தால் மேலே பூசித் திருத்த இடங்கொடுப்பது. ஹல்தன்கர் கையாண்டதோ நீர்வண்ணம். அதில் பெரும்பாலும் ஒளி என்பது, மெல்லிய வண்ணத்தினூடே வெள்ளைக் காகிதத்தைத் தெரியவிடுவதுதான். ஒருமுறை கறுத்த இடத்தை மறுபடி வெளுப்பாக்குவது மிகக் கடினம். முகத்துப் பிரகாசமெல்லாம் ஓவியர் பூசாமல் அடக்கிய கையின் காரியம் என்பதை அறிந்து பார்க்கும்போது, ஆச்சரியம் பன்மடங்காகிறது.

மைசூர்ச் சம்பிரதாயச் சித்திரங்களிடம் வரும்போது, நிற்கும் நிலையை மாற்றுங்கள். நம் தஞ்சாவூர்ப் படங்களின் தடித்த புடைப்பையும் பதித்த கற்களையும் எதிர்பார்த்து நேர் எதிரே நின்றால், மைசூர்ப் படம் சற்று அடக்கமாகத் தோன்றும். இதன் தங்கவேலை மிகத் தாழ்வான புடைப்பின் மேல் செய்யப்பட்டது; அரையடி பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாகப் பார்த்தால்தான், நகையின் நுண்ணிய கோடுகள் ஒவ்வொன்றாக உயிர்பெறும். சிறிய, அடக்கமான சித்திரத்தின் மதிப்பில் சந்தேகமுடையோர் ஒன்றை நினைவுகூர வேண்டும்: ரெம்பிராண்டே தம் முதிர்ந்த பிராயத்தில் நமது மொகலாயச் சிற்றோவியங்களை வைத்துக்கொண்டு ஒரு சீடனைப் போல் பிரதியெடுத்தார்.

நான்கைந்து சித்திரங்களுக்கு மேல் ஒரே நாளில் ஆசைப்படாதீர்கள். சுற்றி முடிந்ததும் வழிகாட்டிக்கு வந்தனம் சொல்லிவிட்டு, மனத்தைக் கவர்ந்த ஒரே சித்திரத்திடம் ஒவ்வொருவரும் தனியே திரும்பிச் சென்று, கேட்ட விளக்கம் எதையும் நினையாமல் மறுபடி பாருங்கள். குழுவோடு பார்த்தபோது கிடைத்தது அறிவு. இந்த இரண்டாம் பார்வையில் அது அவரவருடைய ரசனையாகிறது. அந்த ரசனை கைவந்தவர், நாளை ஆம்ஸ்டர்டாம் போனாலும் தஞ்சை போனாலும் எந்தச் சித்திரத்தின் முன்னும் அந்நியராக நிற்க மாட்டார்.