வாடைக் காலத்தில் பாலை படித்தல்

மேலைநாட்டு வாசகர் பனிக்காலத்தில் வெயில் நிலத்துக் கதைகளைத் தேடிப் படிப்பதுண்டு. நூலின் வெம்மை தம் குளிரைப் போக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. சங்கப் பாடல்களை அவ்வாறு தேர்வோர் ஏமாற்றமே அடைவர். அங்கு வேனில் இதமன்று, பிரிவின் பொழுது. பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் வகுத்த தொல்காப்பியம் பின்பனியையும் அதற்கு உரியதாக்குகிறது. வெம்மையும் குளிரும் ஒரே உரிப்பொருளைச் சுமக்கின்றன. இதனை விளக்காது, பெரும்பொழுதுகளை அட்டவணையாக மனனம் செய்வித்து அமைகிறோம்.

சிங்கப்பூரின் ஈசூனில் வளரும் மாணவர்க்கு அவ்வட்டவணை வெறும் சொல்லே. நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே உள்ள இவ்வூரில் பனிக்காலம் இல்லை. டிசம்பர், சனவரியில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே கூதிரை ஓரளவு ஒத்தது. (நார்த்பாயிண்ட் வளாகத்து ஈசூன் நூலகத்தில் உணரும் குளிர் குளிர்சாதனத்தின் கொடை.) மழை விடாத சனவரி நாளொன்றில் இம்மாணவர் கலித்தொகையின் பாலைக்கலியைப் படிக்கட்டும். நீரற்ற சுனையும் நிழலற்ற வழியும் கதகதப்பைத் தாரா. பிரிந்து செல்வோனை எண்ணி அஞ்சும் மனத்தையே காட்டும். தொடர்ந்து 188 அடிகளாலான நெடுநல்வாடையைப் படித்தால், அரண்மனையில் தனித்திருக்கும் அரசியிடத்தும் அம்மனமே புலப்படும். நகரத்தார் தடவில் நெருப்பிட்டுக் குளிர் காயும் காட்சியை நக்கீரர் அவளது பள்ளியறைக்குள் கொண்டுசெல்லாமை கருதத்தக்கது.