மானுக்குப் பங்காளி

பூமா என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது ஷூதான். அந்த அட்டைப்பெட்டியில் பாய்கிறதே, அது கற்பனை மிருகம் இல்லை. கனடாவின் யூக்கான் பிரதேசத்திலிருந்து சிலியின் தென்கோடி வரை வாழ்கிற நிஜப் பூனை. நிறம் கறுப்பு இல்லை, காய்ந்த புல் நிறம். ஆங்கிலத்தில் மட்டும் இதற்கு நாற்பது பெயராவது தேறும். பூமா, கூகர், பாந்தர், மவுன்ட்டன் லயன்... நாம் மலைச்சிங்கம் என்று வைத்துக்கொள்வோம். பெயரில்தான் சிங்கம். பிடரி கிடையாது, கர்ஜிக்கவும் வராது.

1897-ல் ஹார்ட் மெரியம் என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர் ராக்கி மலைப் பக்கத்து மலைச்சிங்கத்துக்கு 'ஹிப்போலெஸ்டெஸ்' என்று நாமகரணம் செய்தார். கிரேக்க வார்த்தை. அர்த்தம், குதிரைத் திருடன்! விஞ்ஞானப் பெயரிலேயே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார் மனுஷர். வட அமெரிக்காவில் இருப்பதெல்லாம் ஒரே வகைதான் என்று 2017-ல் பூனை நிபுணர்கள் கூடிச் சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் ஒதுங்கியது.

இந்தத் 'திருடன்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். திருட்டு என்றால் சொந்தக்காரன் என்று ஒருத்தன் இருக்க வேண்டும். குதிரைக்கு இருக்கிறான். ஆட்டுக்கு இருக்கிறான். காட்டில் திரிகிற மானுக்கு? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, வேட்டைக்காரர்கள் இரண்டு பேர் எழுதியதைப் படித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

முதல் ஆள் தியோடர் ரூஸ்வெல்ட். 1901 ஜனவரியில் அவர் துணை ஜனாதிபதியாகத் தேர்வாகிவிட்டார், பதவியேற்பு மார்ச்சில். நம் ஊர் என்றால் அந்த இரண்டு மாதமும் மாலை மரியாதையிலேயே போயிருக்கும். இவர் கொலராடோவில் மீக்கர் என்ற ஊர்ப் பக்கம் ஐந்து வாரம் மலைச்சிங்க வேட்டைக்குப் போய்விட்டார். முறை இதுதான்: நாய்கள் மோப்பம் பிடித்துத் துரத்தும். மலைச்சிங்கத்துக்கு வேகம் உண்டு, தம் கிடையாது. கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கி மரத்தில் ஏறிக்கொள்ளும். நாய்கள் அடியில் நின்று குரைக்க, வேட்டைக்காரர் சாவகாசமாகக் குதிரையில் வந்து இறங்கிச் சுடுவார். மொத்தம் 14 விழுந்தன. நாய்கள் தரையிலேயே அமுக்கிவிட்டால் துப்பாக்கி இல்லை, கத்தி. மூத்த மகனுக்கு எழுதிய கடிதத்தில், நீ இரவல் கொடுத்த கத்தியால்தான் குத்தினேன் என்கிறார் அப்பா. பையனுக்கு வயசு 13.

இதைப் படித்ததும் முகம் சுளிக்கத் தோன்றும். பொறுங்கள். 1905-ல் வந்த 'அவுட்டோர் பாஸ்டைம்ஸ் ஆஃப் ஆன் அமெரிக்கன் ஹன்ட்டர்' புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்த வேட்டைதான். சும்மா சொல்லக் கூடாது, அது நல்ல எழுத்து. கொன்ற ஒவ்வொன்றையும் நீளம் அளந்து, எடை போட்டு, அட்டவணையே தருகிறார். பெரியது 227 பவுண்டு. வயிற்றைத் திறந்து என்ன தின்றிருக்கிறது என்று பார்க்கிறார். பெரும்பாலும் மான். மண்டையோடுகளைப் பத்திரமாகப் பொதிந்து அதே மெரியமுக்கு ஆராய்ச்சிக்கு அனுப்புகிறார். மலைச்சிங்கம் ஆளைப் பார்த்தால் அடித்துவிடும் என்று அந்தக் காலத்தில் உலவிய கதைகளில் முக்கால்வாசி புருடா என்றும், மனிதனைத் தாக்குவது மிக அபூர்வம் என்றும் தெளிவாகச் சொல்கிறார். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவது என்ற ஒழுக்கம் அவரிடம் இருந்தது.

இருந்தது என்று இறந்தகாலத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1913-ல் ஜனாதிபதி பதவியெல்லாம் முடிந்த பிறகு, இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வடக்கு விளிம்புக்கு மறுபடி மலைச்சிங்க வேட்டைக்குப் போனார். வழிகாட்டி ஜிம் ஓவன்ஸ். 'அங்கிள் ஜிம்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஐந்நூறுக்கு மேல் மலைச்சிங்கங்களைக் கொன்றவர் என்று பெயர் எடுத்த அரசாங்கக் காவலர். இந்தப் பயணம் 1916-ல் வந்த 'எ புக்-லவர்ஸ் ஹாலிடேஸ் இன் தி ஓப்பன்' புத்தகத்தில் இருக்கிறது. அதில் ஒரு காட்சி. கீழே நாய்கள், மரத்தில் மலைச்சிங்கம், பின்னால் பாதாளம் மாதிரி பள்ளத்தாக்கு. வர்ணனை பிரமாதம். ஆனால் அந்த மிருகத்துக்கு அடுக்குகிற அடைமொழிகளைப் பாருங்கள். குதிரையைக் கொல்கிறதாம், மானை அழிக்கிறதாம், பதுங்கிப் பதுங்கிக் கொலை செய்கிறதாம். கோழையாம், குரூரமாம்.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. ஒரு பட்டாளம் நாயையும் குதிரையையும் துப்பாக்கியையும் கொண்டுவந்து மரத்தடியில் நின்றுகொண்டு மேலே இருப்பதைக் கோழை என்கிறார். பதுங்கிக் கொல்கிறதாம்! வேட்டையில் பாலபாடமே பதுங்குவதுதானே ஐயா? மனிதன் பதுங்கினால் சாமர்த்தியம், மிருகம் பதுங்கினால் கொலைபாதகமா? மிருகத்தைத் தராசில் போட்டவர், அதன்மேல் ஏற்றிய அடைமொழிகளைத் தராசில் போடவில்லை.

நாம் ஜிம் கார்பெட்டைப் படித்து வளர்ந்தவர்கள். கார்பெட் சுட்டது மனிதர்களைத் தின்ற புலிகளை. அவற்றைக்கூட அவர் வைது எழுதவில்லை. முள்ளம்பன்றி முள் தைத்ததா, யாரோ அரைகுறையாகச் சுட்ட காயமா, ஏன் இப்படி ஆனது என்று காரணம் தேடுகிறார். ரூஸ்வெல்ட்டோ மான் தின்றதற்கே மன்னிக்க மாட்டேன் என்கிறார். இரண்டு பேரும் துப்பாக்கி பிடித்தவர்கள், இரண்டு பேரும் காட்டை நேசித்தவர்கள். ஏன் இந்த வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது இதுதான். கார்பெட்டுக்குப் புலி போட்டி இல்லை. ரூஸ்வெல்ட்டுக்கு மலைச்சிங்கம் பங்காளி. ஒரே மானுக்கு இரண்டு பேரும் பாத்தியதை கொண்டாடுகிறார்கள். பங்காளிச் சண்டையில் வருகிற வார்த்தைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரனைக்கூட அப்படித் திட்ட மாட்டோம்.

வார்த்தையோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வேட்டை நடந்த கைபாப் பீடபூமியை, 1906-ல் ஜனாதிபதியாக இருந்தபோது, வேட்டை விலங்குகளுக்கான சரணாலயமாக அறிவித்தவரே ரூஸ்வெல்ட்தான். யாருக்குச் சரணாலயம்? மானுக்கு. மானைச் சுடக் கூடாது. மலைச்சிங்கம், ஓநாய், கொயோட்டி எல்லாவற்றையும் சுடலாம். அரசாங்கமே ஆள் வைத்துச் சுட்டது. நாலாயிரம் என்று மதிப்பிட்டிருந்த மான்கள் பெருகிக்கொண்டே போயின. 1924-ல் முப்பதாயிரம் என்றவர்களும் உண்டு, ஒரு லட்சம் என்றவர்களும் உண்டு. எட்டிய உயரம் வரை இலை தழை காலி. அடுத்த குளிர்காலங்களில் மான்கள் ஆயிரக்கணக்கில் பட்டினியில் செத்தன.

நடுவில் ஒரு காமெடியும் நடந்தது. உபரி மான்களை ஆடு ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு போய் கிராண்ட் கேன்யனைக் கடந்து அக்கரையில் விட்டுவிடலாம் என்று 1924 டிசம்பரில் ஒரு கோஷ்டி கிளம்பியது. குதிரையில் கௌபாய்கள், கால்நடையாக நவஹோ பழங்குடியினர், கையில் மாட்டு மணிகள். கௌபாய்க் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ஜேன் க்ரே கூடப் போயிருந்தார். பனிப்புயல் வேறு. மணியடித்துக்கொண்டே போனார்கள். மான்கள் இவர்களுக்கு இடையிலேயே புகுந்து பின்பக்கம் ஓடிவிட்டன. அக்கரைக்குப் போன மான்கள், பூஜ்யம். மலைச்சிங்கம் சம்பளம் கேட்காமல் பார்த்த வேலை!

(நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கைபாப்பில் மான் பெருகியதற்கு மலைச்சிங்கம் ஒழிந்தது மட்டும்தான் காரணமா என்று 1970-ல் காஃலி என்ற ஆய்வாளர் பலமாகச் சந்தேகப்பட்டார். எண்ணிக்கைகளே நம்பும்படி இல்லை, ஆடு மாடு மேய்ச்சல் குறைந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார். பிறகு 2006-ல் வந்த ஓர் ஆய்வு, அங்குள்ள ஆஸ்பென் மரங்களின் வயதைக் கணக்கெடுத்தது. மான் பெருகிய அந்த வருஷங்களில் பிழைத்து வளர்ந்த இளமரங்கள் ரொம்பக் குறைவு. ஆக, பழைய கதையில் சாரம் இருக்கிறது.)

இரண்டாவது ஆள் ஆல்டோ லியோபோல்ட். 1909-ல் அரிசோனாவில் காட்டிலாகா வேலையில் சேர்ந்தவர். இளமையில் இவரும் இதே கட்சி. நியூ மெக்சிகோவில் கடைசி ஓநாயும் கடைசி மலைச்சிங்கமும் தீரும் வரை ஓயக் கூடாது என்று பிரசாரம் செய்தார். அவர் இறந்த மறுவருஷம், 1949-ல் 'எ சாண்ட் கவுன்ட்டி அல்மனாக்' வெளிவந்தது. அதில், மலையைப் போல யோசிப்பது பற்றி ஒரு சிறு கட்டுரை. வாலிபத்தில் தான் சுட்ட ஒரு தாய் ஓநாயின் கண்ணில் பச்சையாக ஒரு நெருப்பு அணைவதைப் பார்த்ததைச் சொல்கிறார். ஓநாய் குறைந்தால் மான் கூடும், மான் கூடினால் வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று போட்ட கணக்கு தப்பு என்று ஒப்புக்கொள்கிறார். ஓநாயைப் பற்றிய கட்டுரைதான், ஆனால் மலைச்சிங்கத்துக்கும் அதே கணக்கு. முக்கியமாக, இதை எழுதியவர் வேட்டையை விட்டுவிட்டு ஆசிரமத்தில் உட்கார்ந்தவர் இல்லை. கடைசி வரை துப்பாக்கி வைத்திருந்தவர். பங்காளியின் பங்கை ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான். கொஞ்சப் பேரால்தான் அது முடிகிறது.

லியோபோல்டிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. மாட்டுக்காரர் அந்தக் கட்டுரையில் வருகிறார், ஆனால் உபதேசம் கேட்க மட்டும் வருகிறார். விடிகாலையில் பட்டிக்குப் போய், செத்துக் கிடப்பதை எண்ணிப் பார்ப்பவரின் வயிற்றெரிச்சல் அதில் இல்லை.

அந்த வயிற்றெரிச்சல் நிஜமானது. 2016-ல் கலிஃபோர்னியாவில், மாலிபுவுக்குப் பக்கத்து மலையில், பி-45 என்று எண் கொடுத்துக் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிய ஆண் மலைச்சிங்கம் ஒரு பண்ணையில் பத்து அல்பாக்காக்களைக் கொன்றுபோட்டது. தின்றது கொஞ்சம், கொன்றது பத்து. குரூரம் இல்லை. வேலிக்குள் ஓட வழியில்லாமல் இரை திரும்பத் திரும்பத் துள்ளினால், அதன் கொல்கிற அனிச்சையும் திரும்பத் திரும்ப முடுக்கிவிடப்படுகிறது. ஆனால் பத்தைப் பறிகொடுத்தவரிடம் போய் இந்த விஞ்ஞானத்தைச் சொல்லிப் பாருங்கள்! கொல்ல அனுமதி வாங்கினார், எதிர்ப்பு கிளம்பியது, அனுமதியைப் பயன்படுத்தவில்லை.

இது, 1907 முதல் 1963 வரை தலைக்கு இவ்வளவு என்று பரிசுப்பணம் கொடுத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மலைச்சிங்கங்களைக் கொன்ற அதே மாநிலம். 1990-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டுப் பொழுதுபோக்கு வேட்டையைத் தடைசெய்தார்கள். கொலராடோவிலும் 2024-ல் அதே மாதிரி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அங்கே சுமார் 55 சதவிகிதம் பேர் தடை வேண்டாம் என்றார்கள். ஓட்டுச்சீட்டில் அன்பு காட்டுவது சுலபம், ஆடு நம்முடையதாக இல்லாதவரை.

சரி, சுட்டுத் தள்ளினால் ஆடு பிழைக்குமா? அங்கேதான் சிக்கல். வாஷிங்டன் மாநிலத்தில் செய்த ஓர் ஆய்வு 2013-ல் வந்தது. மலைச்சிங்கங்களை அதிகமாகக் கொன்ற இடங்களில், அடுத்த வருஷம் கால்நடைப் புகார்கள் குறையவில்லை, கூடின. அவர்கள் சொல்லும் காரணம் எந்தக் கிராமத்துக்காரருக்கும் புரியும். ஒரு பகுதியைக் கட்டி ஆள்கிற கிழட்டு ஆணைக் கொன்றால், அந்தக் காலியிடத்துக்கு விடலைகள் வந்து சேருகின்றன. விடலைகளுக்கு நிதானம் கிடையாது.

இன்னொன்று. வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மனசு என்று நினைத்துவிடாதீர்கள். மான் வேட்டைக்காரனுக்கு மலைச்சிங்கம் குறைய வேண்டும். நாய் வைத்து மலைச்சிங்கத்தையே துரத்துபவனுக்கு, அது அடுத்த வருஷமும் இருக்க வேண்டும். 1960-களில் மாரிஸ் ஹார்னாக்கர் என்ற ஆய்வாளர் ஐடஹோ மலைகளில் மலைச்சிங்கங்களுக்கு அடையாளம் கட்டிப் பின்தொடர்ந்தபோது, நாய்களோடு பனியில் கூடவே நடந்தவர் வில்பர் வைல்ஸ் என்ற பழுத்த வேட்டைக்காரர். அதே நாய், அதே மரம். சுட்டது மட்டும் மயக்க ஊசி. அந்த ஆய்வு நடந்த வருஷங்களில் அங்கே மானும் குறையவில்லை என்பது உபரிச் செய்தி.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ரூஸ்வெல்ட் அடைமொழியில் செய்த தப்பு, திட்டியது அல்ல. குதிரையையும் மானையும் ஒரே மூச்சில் சேர்த்ததுதான். குதிரை போனால், ஆடு போனால் வழக்கு உண்டு. இழந்தவருக்கு நஷ்டஈடு வேண்டும், ராத்திரியில் அடைக்கக் கூரை போட்ட பட்டி வேண்டும், காவல் நாய் வேண்டும். சில சமயம் துப்பாக்கியும் வேண்டியிருக்கும். மான் விஷயத்தில் அந்த வழக்கே கிடையாது. அங்கே நாம் சொந்தக்காரர் இல்லை, பிந்தி வந்த பங்காளி. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டியதில், ஆடு வளர்ப்பவரின் நியாயமான கண்ணீரை மான் வேட்டைக்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். இன்றும் இந்த விவாதம் எங்கே நடந்தாலும், பேசுபவர் பட்டியைச் சொல்கிறாரா, காட்டைச் சொல்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

ரூஸ்வெல்ட் புத்தகங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. படியுங்கள். பக்கத்தில் ஒரு பென்சில் வைத்துக்கொண்டு, மலைச்சிங்கத்துக்கு முன்னால் வருகிற அடைமொழிகளை மட்டும் அடித்துக்கொண்டே போங்கள். மிச்சம் இருப்பது நல்ல புத்தகம்.