விழுந்தால் எழத் தெரியுமா?

1993 நவம்பர் 12. அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. கலப்புச் சண்டைப் போட்டி. குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறையோடு களத்துக்கு வந்தார். எதிரே நின்ற, பிரேசிலியன் ஜியு ஜிட்சு என்ற பிடிச்சண்டைக் கலையின் வீரர் ராய்ஸ் கிரேசிக்கு எடை ஏறக்குறைய 80 கிலோதான். கிரேசி அவரைக் கீழே சாய்த்து மேலேறி அமர்ந்தார். 2 நிமிடம் 18 விநாடியில் ஜிம்மர்சன் பணிந்தார். அன்றிரவே இன்னும் இருவரை வீழ்த்திப் பட்டத்தையும் வென்றார் கிரேசி.

குத்தும் உதையும் வீண், பிடிச்சண்டை கற்றால் போதும் என்ற பேச்சு அன்றிலிருந்து வலுத்தது. அதில் பாதிதான் உண்மை.

மறுபாதி 1997 ஜூலையில் தெரிந்தது. மார்க் கோல்மன், பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தக் களம் கண்டவர், யு.எஃப்.சி. ஹெவிவெயிட் சாம்பியன். அவரை எதிர்த்த மோரிஸ் ஸ்மித் கிக்பாக்ஸர். எதிர்பார்த்தபடியே கோல்மன் அவரைத் தரையில் சாய்த்தார். ஆனால் ஸ்மித் மல்லாந்து கிடந்தபடியே கால்களால் கோல்மனின் இடுப்பை வளைத்துத் தடுத்து, அடிகளைத் தாங்கினார். மேலிருந்து அடித்தவருக்குத்தான் மூச்சு வாங்கியது. ஸ்மித் எழுந்தார், களைத்து நின்றவரின் தொடைகளைக் குறிவைத்து உதைத்தார். 21 நிமிட ஆட்டத்தின் முடிவில் நடுவர்கள் பட்டத்தை ஸ்மித்துக்கு அளித்தனர்.

மல்யுத்தத்தில் கோல்மனை மிஞ்ச ஸ்மித் முயலவே இல்லை. கீழே பிழைக்கவும் மீண்டும் எழவும் தேவையான அளவுக்குக் கற்றிருந்தார். தற்காப்புக்குப் பயிற்சி எடுப்பவருக்கு வேண்டியதும் இந்த அளவுகோல்தான்.

அந்த அளவுகூட இல்லாதவரின் நிலையை 2010இல் பாஸ்டனில் பார்த்தோம். மூன்று எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் டோனி. யு.எஃப்.சி. களத்தில் மல்யுத்த வீரர் ராண்டி கூட்யூர் தாழக் குனிந்து அவர் காலைப் பிடித்து இழுத்ததும் டோனி மல்லாந்தார். பிறகு எழவே முடியவில்லை. முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் ஆட்டம் முடிந்தது.

தெருவில் நடுவர் கிடையாது. தரை சிமெண்ட், தாக்குபவருக்குத் துணையாள் இருக்கலாம், கையில் கத்தியும் இருக்கலாம். அங்கே ஒருவரைக் கட்டிப்பிடித்துப் புரள்வது, ஜியு ஜிட்சு நன்றாகத் தெரிந்தவருக்கும் ஆபத்து. அதனால் இடைவெளி காப்பதும், அடித்து விலகி ஓடுவதும் முதலில். விழுந்துவிட்டால் தலை அடிபடாமல் விழுவதும் உடனே எழுவதும் அடுத்து.

எழுவதற்கும் முறை உண்டு. ஒரு கை முகத்துக்கு அரண். மறு கை பின்னால் தரையில் ஊன்றியிருக்கும். ஒரு காலை ஊன்றி இடுப்பைத் தூக்கி, மற்றக் காலைப் பின்னிழுத்து எழ வேண்டும். பார்வை எதிராளியை விட்டு விலகக்கூடாது. ஒருவர் மேலே அழுத்திக்கொண்டிருக்கும்போதும் இதைச் செய்து பழகினால்தான் நெருக்கடியில் உடல் தானாக இயங்கும்.

வாரம் மூன்று வகுப்பு என்றால் இரண்டு குத்துக்கும் உதைக்கும், ஒன்று பிடிச்சண்டைக்கும் எழும் பயிற்சிக்கும் என்ற பங்கீடு தொடக்கநிலையினருக்குப் பொருந்தும். தற்காப்பு வகுப்பில் சேரும் முன் பயிற்சியாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: எதிர்த்துப் போராடும் துணையோடு, விழுந்து எழும் பயிற்சி இங்கே உண்டா? இல்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.