சுவரோடு நின்றுவிடும் பசுமை

திருப்பூரில் புதிதாகக் கட்டும் பெரிய பனியன் கம்பெனிகள் வாசலில் பசுமைக் கட்டடச் சான்றிதழ்ப் பலகை மாட்ட ஆசைப்படுகின்றன. லீட், ஐ.ஜி.பி.சி. என்று பெயர் எதுவானாலும், துணி வாங்கும் பையர் முன்னால் அதற்கு மதிப்பு உண்டு. கட்டடம் பசுமையானால் தொழிலும் பசுமையாகிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

கட்டடத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. வடக்கு பார்த்த கூரைக் கண்ணாடி வழியாக, வெயில் இறங்காமல் வெளிச்சம் மட்டும் தையல் மேசைக்கு வருகிறது. ஒரு சுவரில் தண்ணீர் வழியும் கூலிங் பேட், எதிர்ச்சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன், ஏ.சி. இல்லாமலே கோடையைத் தள்ளிவிடலாம். 2008-இல் இலங்கையின் துல்ஹிரியவில் எம்.ஏ.எஸ். நிறுவனம் திறந்த துருலி ஆடை ஆலை இதைச் செய்தே காட்டியது. கரன்ட் பில்லும் குறைகிறது, தைப்பவர்களின் வியர்வையும் குறைகிறது. நல்லதுதான்.

என் சண்டை, சான்றிதழ் போடும் எல்லைக்கோட்டோடு. தைப்பதில் தண்ணீர்ச் செலவு ஏது? துணி கறுப்பாவதும் சிவப்பாவதும் வேறொரு ஷெட்டில், சாயப்பட்டறையில். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற, அடர்நிறமென்றால் லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம் உப்புகூடக் கொட்ட வேண்டும். அது துணியில் தங்காது. ஏறக்குறைய அப்படியே கழிவுநீரோடு வெளியே வரும். அந்த நீரால்தான் நொய்யல் ஆறு கெட்டது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

அதன்பின் இறுகிய, ஒரு சொட்டும் வெளியே விடாத முறையிலும் உப்பு மாயமாகிவிடவில்லை. ஆர்.ஓ. போக மிஞ்சும் அடர்ந்த உப்புநீரை ஆவியாக்கியில் கொதிக்க வைக்கிறார்கள். அதற்குப் பாய்லரில் விறகோ நிலக்கரியோ எரிகிறது. உப்பில் ஒரு பங்கு மீண்டும் சாயத்துக்குப் போகும். மிச்சம் கலப்பு உப்பாக மூட்டை மூட்டையாகக் கிடக்கும். இந்தப் புகையும் மூட்டையும் தையல் கூடத்தின் புள்ளிக் கணக்கில் சேராது. லீடில் 110-க்கு 80 எடுத்தால் உச்சப் படியான பிளாட்டினம். சைக்கிள் நிறுத்த இடம் விட்டதற்கும் அதில் புள்ளி உண்டு!

சாயப்பட்டறை வேறு முதலாளியுடையது, கட்டடச் சான்றிதழ் அதை எப்படிக் கணக்கில் எடுக்கும் என்கிறார்கள். ஆனால் எந்த நிறம் என்று சொல்வதும், ஷேடு துளி மாறினால் மறுபடி சாயம் போடத் திருப்பி அனுப்புவதும், ஜாப் ஒர்க் கூலியைக் கிலோவுக்கு இவ்வளவுதான் என்று இறுக்குவதும் ஏற்றுமதிக் கம்பெனிதான். இத்தனை அதிகாரமும் செல்லுபடியாகும் இடத்தில், கழிவுக்கு மட்டும் காம்பவுண்டுச் சுவரைக் காட்டுவது வசதியான நியாயம். சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்திருக்கும் குழுமங்களிலும் பலகை தையல் கூடத்தில்தான் தொங்குகிறது. கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எவ்வளவு உப்பு, எவ்வளவு விறகு என்ற மூன்று எண்களைத் தர மறுக்கும் கம்பெனிக்குப் பிளாட்டினம் என்ன, கடைசிப் படிச் சான்றிதழே அதிகம்.