எதிர்பார்க்கை வினாக்களும் எமது கல்வியும்

ஈழத்துத் தமிழில் இன்று மிக ஊன்றி வாசிக்கப்படும் எழுத்து எதுவென்று வினவினால், நாவலென்றோ சிறுகதையென்றோ விடைகூற எமக்குத் துணிவில்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் கைக்குக் கை மாறும் ‘எதிர்பார்க்கை வினாத்தாள்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனை எழுதுவோர் உளர், அச்சிடுவோர் உளர், விலைகொடுத்து வாங்கி வரிவரியாய் மனனஞ் செய்யும் வாசகரும் உளர். ஆகவே அதுவும் விமர்சனத்துக்குரிய எழுத்துவகையே.

இவ்வெழுத்துக்கு இலக்கணமும் உண்டு. கடந்தகால வினாத்தாள்களை வரிசையாகப் பரப்பி, சென்ற ஆண்டு வந்த பகுதியை நீக்கி, நெடுநாள் வராத பகுதிக்கு உடுக்குறி இடவேண்டும். விரும்பிய வினாக்களைத் தெரிந்து விடையெழுதலாம் என்ற விதி உள்ளவரை, பாடத்திட்டத்தில் ஒரு பங்கைக் கைவிட்டாலும் கரையேறலாம் என்னும் கணக்குப் பிழையானதன்று. நாற்பது வினாக்களை ஊகித்தால் நாலைந்தாவது பொருந்தாமற் போகாது. பொருந்தியவை அடுத்த ஆண்டு விளம்பரத்தில் ஏறும். பொருந்தாதவற்றைப் பற்றி எவருங் கேளார். ஊர்ச் சாத்திரியாரின் தொழிலும் இம்முறையிலேயே நடக்கிறது. ஒரே வேறுபாடு, அவரைப் பொதுப் பரீட்சைகள் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை.

1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமாகிய அதனைச் சுட்டியே, பரீட்சைக்குச் சில நாட்களின் முன்னிருந்து இத்தகைய வினாக்களை அச்சிடுவதையும் விநியோகிப்பதையும் வகுப்புகள் நடத்துவதையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்து வருகிறது. தடை தொடங்கும்போது மனனம் முடிந்திருக்கும். ஊகத்துக்கும் களவுக்கும் இடையிலுள்ள வேலி எத்துணை தாழ்ந்தது என்பதை 2024 ஜனவரி காட்டிற்று. உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியே கசிந்தமையால் அது ரத்துச் செய்யப்பட்டு, மாணவர் பெப்ரவரியில் மீண்டும் எழுத நேர்ந்தது.

இவையாவும் மாணவரின் சோம்பலால் விளைந்தவை என்று கூறி அமைவாரோடு நாம் உடன்படோம். 1945இல் வந்த இலவசக் கல்வி பாடசாலைக் கதவைத் திறந்தது. பல்கலைக்கழகக் கதவு அதற்கேற்ப அகலவில்லை. எழுபதுகளின் தரப்படுத்தல் முதல் 2001இல் வந்த இசட் புள்ளி வரை நடந்த வாதங்கள், ஒடுங்கிய வாயிலினூடே எவரை விடுவது என்பது பற்றியனவே. ஒரு புள்ளி ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்குமாயின், அப்புள்ளி பண்டமாகும். பண்டத்துக்குத் தரகர் தோன்றுவர். பதினேழாம் நூற்றாண்டில் சீனத்து அறிஞர் கு யான்வு இதனைக் கண்டார். அரச பரீட்சையில் வரக்கூடிய சில பத்துத் தலைப்புகளுக்குச் செல்வர் வீடுகளில் புலவர்கள் கட்டுரை எழுதினர். கட்டுரைக்கு இவ்வளவென்று கூலியும் பெற்றனர். பிள்ளைகள் அவற்றை மனனஞ் செய்தனர். இதன் கேடு நூல்களைத் தீயிலிட்ட கேட்டுக்கு ஒப்பென்று அவர் கண்டித்தார். அப்பரீட்சையோ 1905 வரை நீடித்தது.

கூலிக்குப் புலவரை வைக்க முடியாத வீட்டை நாம் தேடிப்போக வேண்டியதில்லை. நாரந்தனை மாணவி ஒருத்தியை எண்ணிப்பார்ப்போம். மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் உரியன. யாழ்ப்பாண மாவட்டத்தின் பங்குக்கு அவள் நல்லூர், கொக்குவில் மாணவரோடு போட்டியிடுகிறாள். மாவட்டம் ஒன்று, வாய்ப்பு ஒன்றன்று. பெயர்பெற்ற ரியூட்டரிகள் நகரையே சூழ்ந்துள்ளன. பண்ணைத் தாம்போதியைக் கடந்து மாலை வகுப்புக்குச் செல்பவளுக்குக் கடைசி பஸ்ஸின் நேரமே பாடத்தின் முடிவு. நெடுந்தீவுப் பிள்ளைக்கோ குறிகட்டுவான் வரை கடல். 1990இன் போரில் பெயர்ந்த குடும்பங்களுள் பல தீவகத்துக்குத் திரும்பவேயில்லை. எஞ்சிய பாடசாலைகளுக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பது நெடுங்காலக் குறை. எதிர்பார்க்கை வினாத்தாள் மட்டும் போட்டோப் பிரதியாக எப்படியோ வந்து சேர்கிறது. நகரத்து மாணவனுக்கு அது கற்றதை மீட்டுப்பார்க்கும் தாள். இவளுக்குக் கற்பித்தலுக்குப் பதிலாகக் கிடைத்த தாள். ஊகம் பிழைத்தால் அவனுக்கு ஒரு வினா போகும்; இவளுக்கு ஒரு வருடம் போகும்.

இலக்கியப் பாடத்தில் நேரும் இழப்பை இவ்விதழின் வாசகர் தனியே நோக்குதல் வேண்டும். ‘பாத்திரப் பண்பு’, ‘உவமைச் சிறப்பு’, ‘சமூகப் பின்னணி’ என்னும் மூன்று அறைகளுள் எந்நூலும் அடைக்கப்பட்டு விடுகிறது. கோவில் வாசலில் மறிக்கப்பட்டவனின் கதையும், கூலி உயர்வு கேட்டவளின் கதையும், ‘ஆசிரியர் சமூகக் கொடுமைகளைச் சாடுகிறார்’ என்ற ஒரே வாக்கியமாகிச் சில புள்ளிகளைப் பெறுகின்றன. தன் ஒழுங்கையில் நடப்பதும் அதுவே என்று காணாமலே பிள்ளை எழுதிவிட்டு வருகிறாள். முற்போக்கு எழுத்துப் பாடநூலில் இடம்பெற வேண்டுமென்று நாம் வாதாடினோம். இடம் கிடைத்தது, வாசகர் கிடைக்கவில்லை.

ஊகிக்க வொண்ணாத வினாக்கள் இல்லாமலில்லை. அவள் முன்னர் பாராத கவிதையொன்றைக் கொடுத்து, எந்த அடி பொய்யாகத் தோன்றுகிறது, ஏன் என்று கேட்கலாம். தீவகத்துக் கிணறு மாரியில் நன்னீராய் இருந்து கோடையில் உவர்ப்பதேன் என்று வினவி, சுண்ணாம்புக்கல்லினுள் கடல்நீரின்மேல் மிதக்கும் மழைநீரைப் பற்றித் தன் வீட்டுக் கிணற்றை வைத்தே விளக்கச் சொல்லலாம். இத்தகைய விடைகளைத் திருத்துவதற்குக் காலமும் பணமும் மிகுதியாக வேண்டும் என்பர் அதிகாரிகள். உண்மையே. எவ்வளவு வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் கணக்குக் கேட்கட்டும்.